கேள்வி – பதில்: எஞ்சினுக்குள் ஒரு மில்லிசெகண்ட்

எஞ்சின் சோதனைக்கூடத்தில் 31 ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்ற கோவைப் பேராசிரியை, இந்த இதழில் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

நாமக்கல்லிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர்: மார்கழிக் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்தால் முதல் பத்து நிமிடம் எஞ்சின் 'கடகட'வென்று அடிக்கிறது, வெள்ளைப் புகை தள்ளுகிறது. சூடேறியதும் சரியாகிவிடுகிறது. ஏன்? இன்னொன்று: புது வண்டிக்கு ஊற்றும் டெஃப் வெறும் யூரியாத் தண்ணீர்தானே, உரக்கடையில் யூரியா வாங்கிக் கரைத்து ஊற்றக்கூடாதா?

முதலில் இரண்டாவது கேள்வி, அவசரம் அதில்தான் இருக்கிறது. தயவுசெய்து ஊற்றாதீர்கள். டெஃபில் 32.5 சதவீதம் யூரியா, மீதி உப்பு நீக்கிய சுத்தமான தண்ணீர். வயலுக்குப் போடும் யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சும் அதிலுள்ள மற்ற கசடுகளும் சைலன்சர் வழியில் இருக்கும் வினையூக்கியில் படிந்து அதைக் கெடுத்துவிடும். மூட்டையில் மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாய்க்கு லட்சக் கணக்கில் செலவு வரும்.

சரி, கடகட சத்தம். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை நசுக்கிச் சூடாக்குகிறோம், அந்தச் சூட்டில் டீசலைத் தெளிக்கிறோம், தானே பற்றிக்கொள்கிறது. ஆனால் தெளித்த உடனே பற்றாது. துளி ஆவியாகி, காற்றோடு கலந்து, மூலக்கூறுகள் உடைந்து, அதற்கப்புறம்தான் நெருப்பு. இந்த இடைவெளிக்குத் தீப்பற்றும் தாமதம் என்று பெயர். நீளம் சுமார் ஒரு மில்லிசெகண்ட், அதாவது ஒரு நொடியை ஆயிரமாகப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. அது சின்ன நேரம் இல்லை. 1500 ஆர்.பி.எம்.மில் ஓடும் எஞ்சினில் கிராங்க் அதற்குள் 9 டிகிரி சுற்றிவிடும். குளிர்ந்த எஞ்சினில் காற்று போதுமான சூட்டுக்கு வராததால் தாமதம் நீளுகிறது. நாசில் அதற்காகக் காத்திருக்காது, தெளித்துக்கொண்டே இருக்கும். சேர்ந்துபோன டீசல் முழுவதும் ஒரே மூச்சில் பற்றுகிறது, அழுத்தம் சுத்தியலால் அடித்த மாதிரி ஏறுகிறது. அதுதான் உங்கள் காதில் விழும் சத்தம். பற்றாமலே வெளியே போகும் டீசல் ஆவிதான் வெள்ளைப் புகை. ஸ்டார்ட் ஆனவுடன் லோடு கொடுத்து ஆக்சிலேட்டரை மிதிக்காமல் கொஞ்சம் பொறுத்திருந்தால் போதும்.

டெஃப் எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன் பின்னால் அழகான ஒரு பரிசோதனை இருக்கிறது. டீசல் கரும்புகையும் விடும், நைட்ரஜன் ஆக்சைடும் விடும். ஒன்றைக் குறைத்தால் மற்றது ஏறும். ஏன் என்று பல காலம் ஊகம்தான் இருந்தது. அமெரிக்காவின் லிவர்மோரில் உள்ள சாண்டியா ஆய்வகத்தில், பிஸ்டனின் தலையில் குவார்ட்ஸ் கண்ணாடி பதித்த ஓர் எஞ்சினுக்குள் லேசர் ஒளியைத் தகடு மாதிரி பாய்ச்சிப் படம் பிடித்தார்கள். அவற்றையெல்லாம் கோத்து 1997-இல் ஜான் டெக் ஒரு சித்திரம் வரைந்து காட்டினார். நாசிலிலிருந்து பாயும் டீசல் தாரையின் உள்ளே டீசல் அதிகம், காற்று குறைவு, அங்கே கரி பிறக்கிறது. தாரையின் வெளி விளிம்பில் மெல்லிய சுடர் உறை, கடுஞ்சூடு, அங்கே காற்றில் உள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்துவிடுகின்றன. இரண்டும் ஒரே தாரையில், கைக்கெட்டும் தூரத்தில். அதனால்தான் எஞ்சினுக்குள் ஒன்றை மட்டும் பிடித்து நிறுத்துவது இத்தனை கடினம். மிஞ்சும் நைட்ரஜன் ஆக்சைடை வெளியே, புகைக்குழாயில் பிடிக்கிறோம்: யூரியா சூட்டில் அம்மோனியாவாகி, வினையூக்கியின் மேல் அதை வெறும் நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் மாற்றுகிறது. நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் டெஃப் டேங்க் இருப்பது இதற்காகத்தான்.

ஈரோடு வாசகி: எத்தனால் கலந்த பெட்ரோல் போட்டால் மைலேஜ் குறையும் என்கிறார்களே?

குறையும். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். இருபது சதவீதக் கலப்பு என்றால் எரிசக்தி 6, 7 சதவீதம் குறைகிறது. எத்தனால் எளிதில் நாக் ஆகாது, அதாவது சுடர் வந்து சேரும் முன்பே தானாக வெடித்து எரியாது என்பதால், அதற்கென்று அதிக அமுக்க விகிதத்தில் வடிவமைத்த எஞ்சின் அதில் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்துவிடும். உங்கள் பழைய ஸ்கூட்டரால் அது முடியாது. ரப்பர் டியூப்களை மெக்கானிக்கிடம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

திருவண்ணாமலையிலிருந்து ஒரு விவசாயி: எங்கள் ஊரில் புங்க மரம் நிறைய. புங்க எண்ணெயை அப்படியே டீசல் பம்ப்செட்டில் ஊற்றலாமா?

ஓடும். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டினார்கள். ஆனால் புங்க எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்குக்கு மேல் கொழகொழப்பு. நாசில் அதைப் பூந்தூறலாகப் பிரிக்காது, பெருந்துளியாகத் தள்ளும். சில வாரத்தில் நாசில் முனையில் கரி கட்டும், ரிங் ஒட்டிக்கொள்ளும். மெத்தனால் சேர்த்து பயோடீசலாக மாற்றிக் கலந்து ஊற்றினால் பிரச்சினை இல்லை. என் சோதனைக்கூடத்தில் அதிகம் எரித்தது புங்க எண்ணெயைத்தான். அந்த வாடை இன்னும் என் பழைய நோட்டுகளில் இருக்கிறது.

மயிலாடுதுறையிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை: "உணவு உடலில் எரிகிறது" என்று பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பையன், "அப்போ ஏன் டீச்சர் வயிறு வேகலை?" என்று கேட்டுவிட்டான். எஞ்சினில் எரிவதும் உடலில் எரிவதும் ஒன்றுதானா?

அந்தப் பையனுக்கு என் சார்பில் ஒரு பேனா வாங்கிக் கொடுங்கள். நல்ல கேள்வி, பழைய கேள்வியும்கூட. பாரிஸில் லவாய்சியேவும் லாப்லாஸும் 1782–83 குளிர்காலத்தில் ஒரு கினிப் பன்றியைச் சுற்றிலும் பனிக்கட்டி நிரப்பிய பாத்திரத்துக்குள் உட்கார வைத்தார்கள். பத்து மணி நேரத்தில் எத்தனை பனி உருகியது என்று நிறுத்தார்கள், சுமார் 13 அவுன்ஸ். அந்த விலங்கு வெளியிடும் அதே அளவு கரியமில வாயுவை வெளியிட எவ்வளவு கரியை எரிக்க வேண்டும், அது எவ்வளவு பனியை உருக்கும் என்று கணக்கிட்டுப் பார்த்தார்கள். விடை சற்றுக் குறைவாக வந்தாலும் அருகில்தான் நின்றது. மூச்சுவிடுவது மெதுவான எரிதல் என்ற முடிவுக்கு வந்தார்கள். உடலையும் அடுப்பையும் ஒரே தராசில் வைத்த முதல் பரிசோதனைகளில் இது ஒன்று.

மொத்தக் கணக்கு ஒன்றுதான். ஒரு கிராம் சர்க்கரையைத் தீயில் எரித்தாலும் உடலில் எரித்தாலும் ஏறத்தாழ 4 கிலோகலோரி. வழிதான் வேறு. எஞ்சினில் அத்தனையும் ஒன்றிரண்டு மில்லிசெகண்டில், இரண்டாயிரம் டிகிரிக்கும் மேலான சூட்டில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மலையிலிருந்து குதிப்பது மாதிரி. செல்லோ படிக்கட்டில் இறங்குகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு நொதி நின்று, கொஞ்சம் சக்தியை மட்டும் வாங்கிச் சேமிக்கிறது. அதனால்தான் 37 டிகிரியிலேயே காரியம் முடிகிறது, வயிறு வேகவில்லை.

இந்த நொதிகள் உயிருள்ள செல்லுக்குள் மட்டும்தான் வேலை செய்யும் என்று ஒரு காலத்தில் உறுதியாக நம்பினார்கள். எடுவர்ட் புக்னர் என்ற ஜெர்மானியர் ஈஸ்டை மணலோடு சேர்த்து அரைத்துப் பிழிந்து சாறு எடுத்தார். கெட்டுப்போகாமல் இருக்க, நாம் நெல்லிக்காயைத் தேனில் போடுவது போல, அதில் சர்க்கரையைப் போட்டு வைத்தார். சாறு குமிழி விட ஆரம்பித்தது. உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லாமலே சர்க்கரை சாராயமாக மாறியது. இதை அவர் வெளியிட்டது 1897-இல். அதே ஆண்டில்தான், அதே ஜெர்மனியின் ஆக்ஸ்பர்கில், ருடால்ஃப் டீசலின் எஞ்சின் 26 சதவீதத் திறனோடு ஓடிச் சோதனையில் தேறியது. நீராவி எஞ்சின்கள் பத்து சதவீதத்துக்கே திணறிய காலம் அது. எரிவதைப் பற்றிய இரண்டு பெரிய வாசல்கள் ஒரே வருடத்தில் திறந்தது எனக்கு எப்போது நினைத்தாலும் சந்தோஷம் தரும்.

பையன் இன்னும் கேட்டால் இதையும் சொல்லுங்கள். நம் செல்லுக்குள் நிஜமாகவே சுற்றுகிற ஓர் எஞ்சின் இருக்கிறது, ஏ.டி.பி. சிந்தேஸ். ஒரு மில்லிமீட்டருக்குள் ஒரு லட்சத்தை வரிசையாக அடுக்கலாம். செல் தன் சக்தியைச் சேமித்து வைக்கும் மூலக்கூறுதான் ஏ.டி.பி., ஒரு சுற்றுக்கு அதில் மூன்றைச் செய்துவிடும். அது சுழல வேண்டும் என்று முதலில் சொன்னவர் பால் பாயர். வேதிவினைகளின் வேகத்தை அளந்து யோசித்துச் சொன்னார், கண்ணால் பார்க்கவில்லை. ஜான் வாக்கரின் குழு 1994-இல் எக்ஸ் கதிர் மூலம் அதன் வடிவத்தை வெளியிட்டது. நடுவில் ஒரு தண்டு, சுற்றிலும் மூன்று வேறு வேறு நிலையில் மூன்று அறைகள். அப்படியும் சுழல்வதை யாரும் பார்க்கவில்லையே. 1997-இல் ஜப்பானில் நோஜி, யசுதா, யோஷிதா, கினோசிதா நால்வரும் அதைக் கண்ணாடியில் தலைகீழாக ஒட்டி, தண்டின் நுனியில் ஆக்டின் என்ற புரதத்தின் ஒளிரும் இழை ஒன்றைக் கட்டி, ஏ.டி.பி. ஊற்றினார்கள். நுண்ணோக்கியில் அந்த இழை காற்றாடி மாதிரி சுற்றியது. பாயரும் வாக்கரும் அதே வருடம் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். இணையத்தில் அந்தக் காட்சி கிடைக்கும். வகுப்பில் போட்டுக் காட்டுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு தாய்: மகள் பிளஸ் டூ, கணக்கிலும் உயிரியலிலும் ஆசை. "உயிரியலுக்குக் கணக்கு எதற்கு, ஒன்றை விட்டுவிடு" என்று உறவுக்காரர்கள் சொல்கிறார்கள். என்ன செய்ய, அக்கா?

இரண்டையும் விடவேண்டாம் தங்கச்சி. இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை, சென்னை கிண்டியிலேயே இருக்கிறது.

ஜி.என். ராமச்சந்திரன் 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்தபோது வயது முப்பதுகூட ஆகவில்லை. நம் தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் அப்போது யாருக்கும் தெரியாது. கங்காருவின் வால் தசைநாணில் எக்ஸ் கதிர் செலுத்திப் படம் எடுத்து, கோபிநாத் கர்த்தாவும் அவரும் 1954-இல் விடை சொன்னார்கள்: மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு. வெளிநாட்டிலிருந்து எதிர்ப்பு வந்தது. எதிர்த்தவர்களில் டி.என்.ஏ. புகழ் கிரிக்கும் ஒருவர். "உங்கள் மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன, அப்படி இருக்க முடியாது" என்பதுதான் வாதம்.

வேறொருவராக இருந்தால் கோபப்பட்டிருப்பார். ராமச்சந்திரன் கேட்ட கேள்வி இது: அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்? அதுவரை வெளிவந்திருந்த படிக அமைப்புகளை எல்லாம் புரட்டி, எந்த அணு எந்த அணுவை எவ்வளவு தூரம் வரை அண்டவிடுகிறது என்று தொகுத்தார்கள். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டே கோணங்களில்தான் திரும்ப முடியும். அந்த இரண்டு கோணங்களையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, எங்கே அணுக்கள் இடிக்கின்றன, எங்கே இடிக்கவில்லை என்று கணக்குப் போட்டார்கள். இன்றைய கணினி எதுவும் இல்லாத காலம். 1963-இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து அவர் வெளியிட்ட அந்த வரைபடத்தில் பெரும்பாகம் தடைசெய்யப்பட்ட இடம், அங்கங்கே சில தீவுகள் மட்டும் அனுமதிக்கப்பட்டவை. அப்புறம் பரிசோதனையில் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்த புரதங்கள் அந்தத் தீவுகளில்தான் போய் விழுந்தன.

இப்போது ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு புரதங்களின் வடிவத்தைக் கணித்துச் சொல்கிறது. அதற்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் 2024-இல் வேதியியல் நோபலில் பாதி கிடைத்தது. அந்த மென்பொருள் சொல்லும் வடிவம் சரியா என்று பார்க்க இன்றும் விரிப்பது ராமச்சந்திரன் வரைபடத்தைத்தான். அந்த மென்பொருள் பாடம் படித்ததும், 1971 முதல் உலகமெங்கும் ஆய்வகங்களில் படிகம் வளர்த்து, எக்ஸ் கதிர் செலுத்தி, ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில் உழைத்துச் சேர்த்த வடிவங்களிலிருந்துதான். உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். என் மகளும் கணினியில் புரதங்களை ஆட்டிப் பார்க்கிற வேலையில்தான் இருக்கிறாள். அவளுக்குத் தினமும் கைகொடுப்பது பிளஸ் டூ கணக்குப் பாடம்.

கோவில்பட்டியிலிருந்து ஓர் ஆய்வு மாணவர்: ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சினில் தீப்பற்றும் தாமதத்தை அளக்கிறேன், கணினியிலும் கணிக்கிறேன். இரண்டும் ஒத்துவரவில்லை, அளந்தது நீளமாக இருக்கிறது. வினைவேக மாறிலிகளைக் கொஞ்சம் திருத்தினால் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்துவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா?

வேண்டாம் தம்பி. கையை எடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு வேதிவினையும் எவ்வளவு வேகமாக நடக்கும் என்று சொல்லும் அந்த மாறிலிகள் எங்கிருந்து வந்தன என்று நினைத்துப் பாருங்கள். இயற்கை எரிவாயு எரிவதை விவரிக்கும் ஜி.ஆர்.ஐ. மெக் 3.0 பட்டியலிலேயே 53 மூலக்கூறு வகைகள், 325 வினைகள். லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் 2002-இல், பெட்ரோலுக்குப் பதிலாக வைத்துக் கணிக்கும் ஐசோஆக்டேனுக்கு வெளியிட்டதில் 850-க்கு மேல் மூலக்கூறு வகைகள், சுமார் 3600 வினைகள். அதிர்வலைக் குழாயிலும் சுடரிலும் பலபேர் வருடக்கணக்கில் அளந்து ஒவ்வொரு எண்ணையும் நெருக்கிக் கொண்டுவந்திருக்கிறார்கள். உங்கள் ஒரு எஞ்சினுக்காக ஒன்றைத் திருகினால், இங்கே பொருந்தும், வேறு எங்கும் பொருந்தாது. இந்த ஆசையைத் தடுக்கத்தான் எஞ்சின் கம்பஸ்டன் நெட்வொர்க் என்ற பன்னாட்டு ஆய்வுக் கூட்டமைப்பினர் 'ஸ்ப்ரே ஏ' என்று ஒரே ஒரு நிலையை வைத்துக்கொண்டார்கள்: எரிபொருள் டோடெகேன், நாசிலில் 0.09 மில்லிமீட்டர் துளை, 1500 பார் அழுத்தம், 900 கெல்வின் சூடு. பல நாட்டு ஆய்வகங்கள் ஒரே மாதிரி நாசிலில் அதே ஒன்றை அளக்கின்றன, கணிப்பவர்களும் அதே ஒன்றைக் கணிக்கிறார்கள். யார் பிசகினாலும் தெரிந்துவிடும்.

கணிப்பு என்பதே எவ்வளவு பாடு என்பதற்கு இன்னொன்று. ஒரு புரதம் அசைவதை முதன்முதலில் 1977-இல் கணித்தார்கள். 58 கண்ணிகள் கொண்ட குட்டிப் புரதம், மொத்தம் சுமார் 9 பிகோசெகண்ட். ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் பிகோசெகண்ட், அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு ஃபெம்டோசெகண்ட். ஒரு ஃபெம்டோசெகண்டுக்கு ஒரு தப்படி என்று வைத்தால் ஒரு மில்லிசெகண்டுக்கு ஒரு லட்சம் கோடி தப்படிகள். அதே குட்டிப் புரதத்துக்கு ஒரு முழு மில்லிசெகண்ட் கணித்த செய்தி 2010-இல் வந்தது, அதற்கென்றே கட்டிய ஆன்டன் என்ற கணினியில். உங்கள் டீசல் பற்றிக்கொள்ளும் அதே ஒரு மில்லிசெகண்டை எட்ட முப்பத்து மூன்று வருடம் உழைத்திருக்கிறார்கள். அப்படி வந்த எண்ணை அலட்சியமாகத் திருத்த மனசு வருமா?

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பழைய நினைவு வந்தது. என் முதல் ஆய்வு மாணவனுக்கும் இதே சிக்கல், 5 குதிரைத்திறன் எஞ்சினில், புங்க பயோடீசலோடு. அளந்த தாமதம் கணிப்பைவிட ஆறில் ஒரு பங்கு மில்லிசெகண்ட் நீளம். "கணினிக்குப் புங்க எண்ணெயைப் பற்றி என்ன தெரியும், அளவீடுதான் சரி" என்று நான் அடித்துச் சொன்னேன். மூன்று மாதம் போனது. ஒருநாள் அவன் வேறொரு கணக்கோடு வந்தான். சிலிண்டருக்குள் கிடைத்த சக்தியிலிருந்து, எஞ்சின் வெளியே தருவதை அளக்கும் டைனமோமீட்டரில் வந்த சக்தியைக் கழித்தால் மிஞ்சுவது உராய்வு. அந்த உராய்வு, எஞ்சினே சூடாகிப் பிடித்துக்கொள்ள வேண்டிய அளவுக்கு இருந்தது. பிழை எங்கள் அளவீட்டில். கிராங்க் கோணத்தைச் சொல்லும் என்கோடரை மாட்டும்போது டி.டி.சி., அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் புள்ளி, ஒன்றரை டிகிரி தள்ளிப் போயிருந்தது. மாட்டியது நான். 1500 ஆர்.பி.எம்.மில் ஒன்றரை டிகிரி என்பது சரியாக ஆறில் ஒரு பங்கு மில்லிசெகண்ட். டி.டி.சி. ஒரு டிகிரி பிசகினாலே சிலிண்டருக்குள் கிடைக்கும் வேலை பத்து சதவீதம் வரை மாறிவிடும். அந்த மூன்று மாதமும் அவன் கணிப்பு சரியாக இருந்தது, அவனை நம்பாமல் இருந்தவள் நான். அவனிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன்.

ஆகவே நாளைக் காலையில் இதைச் செய்யுங்கள். எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் ஃப்யூயல் ராக்கை இழுத்துப் பிடித்து டீசலை நிறுத்துங்கள். தன் வேகத்திலேயே சுற்றும் முதல் சில சுழற்சிகளின் அழுத்தத்தைப் பதிவு செய்யுங்கள். டீசல் இல்லாதபோது அழுத்தத்தின் உச்சம் டி.டி.சி.க்குக் கொஞ்சம் முன்னாலேயே, சுமாராக அரை முதல் ஒரு டிகிரிக்குள், வரவேண்டும். சுவருக்குச் சூடு போகிறது, ரிங் வழியே கொஞ்சம் காற்று கசிகிறது, அதனால்தான் முன்னால். உங்கள் வரைபடத்தில் உச்சம் டி.டி.சி.யிலேயோ அதற்குப் பின்னாலோ வந்தால், என்கோடரைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

அது சரியாக இருந்தால், அடுத்து நாசில் ஊசி எப்போது தூக்குகிறது என்பதை நேரடியாக அளக்கிறீர்களா, இல்லை பம்ப் டைமிங் 23 டிகிரி என்று புத்தகத்தில் இருப்பதை அப்படியே போட்டுக்கொள்கிறீர்களா என்று பாருங்கள். பம்பிலிருந்து நாசில் வரை குழாய்க்குள் அழுத்தம் போய்ச்சேர நேரம் பிடிக்கும், ஊசி அதற்கப்புறம்தான் தூக்கும். புத்தக எண்ணை வைத்தால் அந்த நேரமும் சேர்ந்து, தாமதம் உண்மையில் இருப்பதைவிட நீளமாகத் தெரியும். இரண்டையும் பார்த்த பிறகும் இடைவெளி அப்படியே நின்றால், இரண்டு கோடுகளையும் ஒரே படத்தில், நடுவில் இருக்கும் இடைவெளியோடு, ஆய்வேட்டில் போடுங்கள். டீசல் நிறுத்திய அந்தப் பதிவை மட்டும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.